போத்தல் திருப்புகிறவன்

எனக்குக் கிடைத்த வேலை இதுதான்:
மேசையில் இருக்கிற போத்தலின் லேபல்
கமராவைப் பார்த்தபடி நிற்கவேண்டும்.
கதாநாயகன் ஒரு மிடறு குடித்து வைப்பான்.
"கட்" என்றதும் ஓடிப்போய்
அரை அங்குலம் திருப்புவேன்.
பிறகு ஊசி கழற்றிய சிரிஞ்சால்
கிளிசரின் சொட்டுகள் வைப்பேன்,
ஐஸ்பெட்டிக்குள் கிடந்ததுபோல் போத்தல் வியர்க்கும்.
நான் கிளிசரின் இல்லாமலே வியர்த்தேன்.

டச்சுக்குடாவில் பதினொரு நாள்.
நாளுக்கு ஆறாயிரம், மத்தியானம் புரியாணி.
பெயர் கேட்டார்கள், யோகேந்திரராசா என்றேன்.
இரண்டாம் நாளிலிருந்து நான் "லேபல்".

கதை ஒழுங்காக விளங்கவில்லை.
அவன் ஒரு உளவாளி.
ஒருவருக்கும் தெரியாமல் ஊருக்குள் வருகிறான்
சிவப்புக் காரில், கூரையைத் திறந்துகொண்டு.
ஒலிபெருக்கி ஒன்றுதான் குறை.

அவன் மணிக்கூட்டில் எந்நேரமும் பத்து பத்து.
விடியற்காலைக் காட்சியிலும் பத்து பத்து.
படகு எரியும்போதும் பத்து பத்து.
சாவியை இழுத்து நிறுத்திவிட்டுத்தான் கட்டிவிடுவார்கள்.
முள் இரண்டும் விரிந்து நின்றால்தான்
நடுவில் கொம்பனிப் பெயர் வடிவாகத் தெரியுமாம்.
அதைப் பார்த்துத்தான் அவன்
குண்டு வெடிக்க இன்னும் இருபது செக்கன் என்று சொன்னான்.

கமராக்காரியின் திரையை ஒருதரம் எட்டிப்பார்த்தேன்.
எங்கள் கடல் அதில் நீலமில்லை,
ஆறிப்போன தேத்தண்ணியின் மஞ்சள்.
"லண்டனுக்கு நீலம், இங்கே வெக்கை தெரியவேணும்"
என்று யாரோ எனக்கு மொழிபெயர்த்தார்கள்.
அன்று காலை நல்ல மழை.
கோட்டை வாசலில் மான்கள் நனைந்து நின்றன.
திரையில் அவையும் காய்ந்து போயிருந்தன.

பூபாலசிங்கத்தாரின் கடையையும் கேட்டு எடுத்தார்கள்.
தட்டில் அவருடைய இஞ்சிச் சோடா
நாற்பத்தெட்டுப் போத்தல்.
காசு கட்டாத பெயர் படத்தில் வரக்கூடாது,
ஒவ்வொன்றுக்கும் கறுப்பு நாடா ஒட்டு என்றார்கள்.
அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.
"கடையை எரிச்சவங்கள்கூட
பெயர்ப் பலகையை விட்டிட்டுத்தான் போனவங்கள்"
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
நான் நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தேன்,
வாயைத் திறக்க வழியில்லை.

குடைக்காரர் நாலாம் நாள் வந்தார்.
அவரை ஊருக்கே தெரியும்.
கூட்டமோ, செத்தவீடோ, தேர்த்திருவிழாவோ,
கடைசிக் கதிரை அவருடையது.
கம்பி முறிந்த குடை, ரப்பர் செருப்பு,
மூடி தொலைந்த பேனை.
என்ன மார்க் என்று தெரியாத மணிக்கூடு,
ஆனால் ஓடும்.
யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார்
என்று எழுத அது ஓடத்தானே வேண்டும்.

எங்கள் எல்லோருடைய பெயரும் கேட்டு எழுதினார்.
அடையாள அட்டை இலக்கமும்.
கொப்பியை மடித்துச் சேட்டுக்குள் வைத்துவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
"தம்பி, அந்தக் காரோட ஒரு படம் எடுக்கேலுமோ?"

குடையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.
முகத்தில் நிழல் விழுந்தது.
கை பழகிவிட்டது, என்ன செய்ய,
கிட்டப் போய் அவரையும் தோளில் பிடித்து
அரை அங்குலம் திருப்பினேன்.

படம் வந்தது. மூதூர் வள்ளத்தில் போகும்போது
போனில் பார்த்தேன்.
டச்சுக்குடாவின் கீழே வேறொரு நாட்டின் பெயர்.
என் போத்தல் ஏழு தரம் வந்தது.
சோடாக் கடை மூன்றே செக்கன்.
பின்வரிசையில் ஒரு போத்தலுக்கு மட்டும்
ஈரத்தில் நாடா கழன்று
இரண்டு எழுத்து: பூபா.

கொண்டுபோய்க் காட்டினேன்.
நிறுத்தச் சொன்னார். பின்னுக்கு இழுக்கச் சொன்னார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"இது எத்தினையாவது நிமிசம்?"

இப்போது கடைக் கண்ணாடியில் ஒரு மட்டை தொங்குகிறது.
நாற்பத்தோராம் நிமிடம், பதினேழாம் செக்கன்.
வேறு ஒரு சொல்லும் இல்லை.
நேற்றுக் குடைக்காரர் ஒரு இஞ்சிச் சோடா குடித்தார்,
மட்டையைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல்
அதையும் எழுதிக்கொண்டு போனார்.